வினா விளங்கினாலன்றோ விடை வரும்!

"படித்ததுதான் சேர் வந்தது, எழுதினேன், புள்ளி வரவில்லை."

தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் எமது காதில் விழும் முறைப்பாடு இது. வீட்டார் அப்பிள்ளையைச் சோம்பேறி என்பர். நாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

முக்கோணியொன்றின் அகக்கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையென நிறுவுக என்றொரு வினா. மாணவனொருவன் அழகாக முக்கோணி வரைந்து, பாகைமானியால் மூன்று கோணங்களையும் அளந்து கூட்டி, 180 என்று எழுதியிருந்தான். ஒரு புள்ளியும் கிடைக்கவில்லை. வகுப்பில் அவனைக் கடிந்துகொண்டோம். "விஞ்ஞானத்தில் அளந்து காட்டச் சொல்கிறார்கள், இங்கே அளந்தால் பிழையா, சேர்?" என்றான். எமக்கு உடனே மறுமொழி வரவில்லை. நியாயமான கேள்வியன்றோ! ஆய்வுகூடத்தில் அளவீடே சான்று. கேத்திரகணிதத்திலோ, அளந்த முக்கோணி ஒன்று, அளவாதவை எண்ணில. அவை யாவற்றுக்கும் பொருந்துமாறு, உச்சியொன்றினூடாக எதிர்ப்பக்கத்துக்குச் சமாந்தரமாகக் கோடு வரைந்து, ஒன்றுவிட்ட கோணங்களைக் கொண்டு நியாயங் காட்டுவதே நிறுவல். இதனை அவனுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை; நாமுந்தான்.

தனிச்சொற்களும் பிள்ளைகளை மயக்குகின்றன. 'தொடை' என்றால் தமிழாசிரியருக்கு மோனையும் எதுகையும். கணித ஆசிரியருக்கு மூலகங்களின் கூட்டம். 'மூலம்' இலக்கியத்தில் உரைக்கு முந்திய பாடல். கணிதத்தில் 9இன் வர்க்கமூலம் 3. இரசாயனவியலில் அமிலத்தை நடுநிலையாக்கும் பொருள். சந்தையில் நிறை கேட்டால் கிலோகிராமிற் சொல்லுவோம். பௌதிகவியலில் அது பிழை. அங்கே கிலோகிராம் திணிவுக்குரியது. நிறை ஒரு விசையாதலின் நியூற்றனிற் கூறல் வேண்டும். 1 கிலோகிராம் திணிவின் நிறை ஏறத்தாழ 9.8 நியூற்றன். தமிழ்நாட்டு நூலை வாங்கிப் படிக்கும் பிள்ளைக்கு இன்னுமொரு சிக்கல்: எமது திணிவு அங்கே நிறை, எமது நிறை அங்கே எடை!

வரலாற்றில் வினாவின் ஏவற்சொல்லே வழிகாட்டி. 1931இல் நடைமுறைக்கு வந்த டொனமூர் அரசியற்றிட்டத்தை 'விபரிக்க' என்றால், சர்வசன வாக்குரிமை, அரசாங்க சபை, 7 நிர்வாகக் குழுக்கள் எனச் சொல்லிச் செல்லலாம். 'மதிப்பிடுக' என்றாலோ, அவற்றால் விளைந்த நன்மையையும், அவ்வாண்டுத் தேர்தலை யாழ்ப்பாணத்தில் ஏன் பகிஷ்கரித்தனர் என்பதையும் எடைபோட்டுத் தீர்ப்புக் கூறவேண்டும். மூன்று பக்கம் விபரித்துப் பாதிப் புள்ளி பெறுவோர் பலர்.

பெற்றோர் உதவுவதற்குப் பாடம் அறிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை பேனாவைத் தொடுமுன், "என்ன கேட்டிருக்கிறது? உன் சொல்லிற் சொல்லு பார்ப்போம்" என்று கேட்டாற் போதும். சொல்லத் தடுமாறினால், தடுமாறிய சொல்லைப் பென்சிலாற் கோடிட்டு மறுநாள் ஆசிரியரிடம் கேட்கட்டும். விடையை மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

எமது வகுப்பில் இப்பொழுது ஒவ்வொருவரும் இதற்கெனக் கொப்பி வைத்திருக்கின்றனர். ஒரு சொல், அதன் கீழே பாடத்துக்கொரு பொருள். பாகைமானிப் பையன் முதற்பக்கத்தில் 'அடி' என்ற சொல்லை எழுதியிருந்தான். கணிதத்தில் முக்கோணியின் அடி. யாப்பிற் செய்யுளின் அடி. அளவையில் 12 அங்குலம். நான்காவதாக, 'புள்ளி குறைந்தால் வீட்டில் வாங்குவது'.