'தைரியமா இரு' என்று சொல்லிச் சொல்லியே நாட்களைக் கடத்தாதீர்கள்!

வேலை பறிபோனவர், கடன் முற்றிக் கடையை மூடியவர், நீட் தேர்வில் மதிப்பெண் குறைந்த பிள்ளை... கஷ்ட காலத்தில் தன்மீதே நம்பிக்கை இழந்தவர்கள் யாரும் மனநல மருத்துவரிடம் நேராக வருவதில்லை. வயிற்றெரிச்சலுக்கு ஒரு டாக்டர், தலைவலிக்கு ஒரு ஸ்கேன், படபடப்புக்கு ஓர் ஈசிஜி, நடுவில் மந்திரித்த கயிறு. இத்தனையும் முடித்து, மாதக்கணக்கில் தூக்கம் கெட்டு, ஆள் பாதியாக இளைத்த பிறகே வருகிறார்கள். கூட வருபவர் சொல்வதும் ஒன்றுதான்: "மனசுல தைரியமே இல்லீங்க டாக்டர். நாங்களும் எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டோம்."

எப்போது அது நோய்?

அடி விழுந்தால் மனம் துவளத்தான் செய்யும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலும் சோர்வு விலகவில்லை, பிடித்த விஷயத்தில்கூட நாட்டமில்லை, விடியுமுன்பே விழிப்பு வந்துவிடுகிறது, பசி இல்லை, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணமே சுற்றிச் சுற்றி வருகிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அப்போது தன்னம்பிக்கை குறைவது நோயின் அறிகுறி, குணக்குறை அல்ல. அவரிடம் போய் 'தைரியமா இரு' என்பது, காய்ச்சல்காரரிடம் 'உடம்பு சுடாமல் பார்த்துக்கொள்' என்பதைப் போலத்தான்.

உடல்கோளாறுகளாலும் இதே போன்ற சோர்வு வரலாம் என்பதால், தைராய்டு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைபாடு ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை செய்வோம்.

விடாமல் துரத்தும் தவறான நம்பிக்கைகள்

'மனநல மாத்திரை போட்டால் அடிமையாகிவிடுவோம்.' மனச்சோர்வுக்கு நாங்கள் தரும் மருந்துகள் போதை தருபவை அல்ல. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். பத்தாவது நாளே 'ஒன்றும் கேட்கவில்லை' என்று நிறுத்துகிறவர்களும், கொஞ்சம் தெளிந்ததும் தாங்களாகவே விட்டுவிடுகிறவர்களும்தான் மறுபடி விழுகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்த மருந்துக்குப் பயப்படுகிறவர்களே, பக்கத்து வீட்டு அக்கா போடும் தூக்க மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போடுகிறார்கள். அல்பிரசோலம் போன்றவைதான் உண்மையில் பழக்கமாகி ஆளைப் பிடித்துக்கொள்பவை. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. தயவுசெய்து மெடிக்கல் ஷாப்பில் நீங்களே டாக்டராகாதீர்கள்!

'ரெண்டு பெக் போட்டால் எல்லாம் மறந்துடும்.' மறக்காது. மது தூக்கத்தைக் கலைக்கும், மறுநாள் சோர்வைக் கூட்டும், விபரீத முடிவுக்கு இருக்கும் தயக்கத்தையும் உடைத்துவிடும்.

'ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்.' நோய் சரியாகாது. சிக்கலில் இன்னொரு உயிரும் சேரும்.

'சாவைப் பற்றிக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டது போலாகும்.' இல்லை. "செத்துடலாம்னு தோணுதாப்பா?" என்று நேராகக் கேட்பது யாரையும் அதற்குத் தூண்டாது. கேட்டதே பெரிய ஆறுதல் என்றுதான் பலர் சொல்கிறார்கள்.

தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது?

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-லேயே இதை எழுதிவிட்டார்: 'என்னால் முடியும்' என்ற எண்ணத்துக்கு வலுவான அடித்தளம், நாமே ஒன்றைச் செய்து முடிப்பதுதான். பிறர் சொல்லும் ஊக்க வார்த்தை அந்த அளவுக்கு நிற்பதில்லை. விடிய விடியத் தன்னம்பிக்கை வீடியோ பார்ப்பதைவிட, காலையில் குளித்துவிட்டுத் தெருமுனை வரை நடந்து வருவது மேல். இன்று ஒரு விண்ணப்பம், நாளை ஒரு பாடம் என்று சிறிதாகத் தொடங்குங்கள். மனம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்க வேண்டாம். செய்யச் செய்யத்தான் மனம் வரும்.

குடும்பத்தாரிடம் ஒரு மன்றாடல்

"எதிர் வீட்டுப் பையனைப் பாரு" என்ற பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். அறிவுரையைக் குறைத்து, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் விளையாட்டாக எடுக்காமல், அவரைத் தனியே விடாமல், அன்றே அழைத்து வாருங்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022-ல் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. தமிழக அரசின் 104-ஐயும் அழைக்கலாம்.

நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று யோசித்து நாளைக் கடத்தாதீர்கள். இது குணப்படுத்தக்கூடிய நோய். சீக்கிரம் வாருங்கள்.