சத்துணவு நிற்கும் இடத்தில் பாடம் தொடங்கட்டும்

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு போடுவதில் தமிழ்நாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1956இல் காமராஜர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. பிறகு முட்டை சேர்ந்தது. 2022இல் தொடக்கப்பள்ளிகளுக்குக் காலை உணவும் வந்தது. ஆனால் சத்துணவு 10ஆம் வகுப்போடு முடிகிறது. கையில் இருக்கும் இருபது ரூபாய்க்கு எதை வாங்கித் தின்பது என்று பிள்ளைகள் தாங்களே முடிவு செய்யத் தொடங்கும் வயதும் ஏறக்குறைய அதுதான். தட்டு நிற்கும் அந்த இடத்தில் உணவைப் பற்றிய பாடம் எல்லோருக்கும் தொடங்க வேண்டும். இன்று அது மனையியல் போன்ற விருப்பப் பாடங்களுக்குள், அதிலும் பெண் பிள்ளைகளுக்கு உரியது என்ற நினைப்போடு, ஒதுங்கிக் கிடக்கிறது.

தேவை எவ்வளவு என்பதை 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59 சதவீதத்தினருக்கும் ஆண்களில் 31 சதவீதத்தினருக்கும் இரத்தசோகை. தமிழ்நாட்டிலோ 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40 சதவீதம் பேர் அதிக எடை கொண்டவர்கள். சத்துக் குறைவும் உடல் பெருக்கமும் ஒரே ஊரில், சில நேரம் ஒரே வீட்டில் இருக்கின்றன. பள்ளிகளில் வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள், நல்லது. ஆனால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்காது. எலுமிச்சை, நெல்லிக்காயில் உள்ள வைட்டமின் சி அதற்குக் கைகொடுக்கும், சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர் தடுக்கும். இதை அறிந்த மாணவி, கூடுதல் செலவில்லாமலே தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிவைப்பாள்.

இதையெல்லாம் வீட்டில் கற்றுக்கொள்ள முடியாதா என்று கேட்கலாம். வீட்டு அறிவு குறைந்ததல்ல. நெல்லை அவித்துக் குத்தும்போது தவிட்டிலுள்ள வைட்டமின் பி1 அரிசிக்குள் இறங்கித் தங்குகிறது. காரணம் தெரியாமலே நம் முன்னோர் புழுங்கலரிசி உண்டு பயன் பெற்றார்கள். ஆனால் பொட்டலத் தீனி பாட்டி அறியாத பொருள். அதன் உறையில் மூலப்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக அச்சிட வேண்டும் என்பது விதி. எனவே சர்க்கரை முதலில் இருந்தால் அதுவே அதில் அதிகம். சோடியத்தின் அளவை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தக் கணக்கைப் போடப் பழக்குவது பள்ளியால்தான் முடியும்.

உயிரியலில் இதெல்லாம் வருகிறதே என்பது அடுத்த மறுப்பு. 10ஆம் வகுப்புக்குப் பின் வணிகவியல் எடுக்கும் மாணவர் உயிரியலைத் தொடுவதே இல்லை. தொடுபவரும் செரிமான மண்டலத்தைப் படிக்கிறாரே ஒழிய, தன் தட்டைப் படிப்பதில்லை. நுழைவுத் தேர்வு நெருக்கடியில் நேரம் ஏது என்பார்கள். வாரம் இரண்டு பாடவேளை போதும். மனப்பாடத் தேர்வு வேண்டாம். வீட்டு வரவுக்குள் ஒரு வார உணவுப் பட்டியல் போட்டுக் காட்டுவதே மதிப்பீடாகட்டும். அதிலும் ஆண் பிள்ளைகளை விட்டுவிடக் கூடாது. ஜப்பானில் மேல்நிலைப் பள்ளி மனையியல் முன்பு பெண்களுக்கு மட்டுமே கட்டாயமாக இருந்தது. 1994இலிருந்து ஆண்களுக்கும் கட்டாயம்.

வலுவான மறுப்பு ஒன்று மிஞ்சுகிறது: வறுமைக்குப் பாடம் மருந்தாகுமா? ஆகாது. கூலியும் ரேஷனும் செய்ய வேண்டிய வேலையைப் பாடப்புத்தகம் செய்யாது. ஆனால் பணம் குறைவாக உள்ள வீட்டில்தான் ஒவ்வொரு ரூபாயும் தவறான பொருளுக்குப் போவது பெரிய இழப்பு. நூறு கிராம் வேர்க்கடலையில் ஏறத்தாழ 25 கிராம் புரதம் உண்டு. உருளைக்கிழங்கு வறுவலில் அதில் மூன்றிலொரு பங்குகூட இராது. இது தெரிந்தவரிடம் அதே காசு கூடுதலாக வேலை செய்யும். ஆகவே இந்தப் பாடம் சத்துணவுக்கு மாற்று அல்ல. அரசு அதற்கு இத்தனை ஆண்டுகள் செலவிட்ட பணத்தின் பலன் பள்ளி வாசலோடு நின்றுவிடாமல் காக்கும் வழி.