நாய் திடீரென நொண்டுகிறதா? மாத்திரை கொடுக்கும் முன் இதைப் பாருங்கள்

காலையில் கேட் வரை துள்ளி வந்து வழியனுப்பிய நாய், சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து பார்த்தால் மூன்று காலில் நிற்கிறது. மனசு கேட்காது. ‘பாவம், ரொம்ப வலிக்குது போல’ என்று வீட்டில் இருக்கும் வலி மாத்திரையில் பாதியை உடைத்துச் சோற்றில் வைத்துவிடுவோம். பல நேரம் நொண்டலைவிட ஆபத்து அந்த அரை மாத்திரைதான்.

ஏன் கூடாது?

ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் நாயின் வயிற்றில் புண்ணும் ரத்தக்கசிவும் உண்டாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாரசிட்டமால் அளவு மீறினால் கல்லீரல் பாதிக்கும். நாய்களுக்கென்று தனி வலி மருந்துகள் உண்டு. எடை பார்த்து டாக்டர்தான் தர வேண்டும். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? எந்த மாத்திரை, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று உடனே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

முதலில் பாதம்

புதுக்கோட்டைப் பக்கம் நாய் நொண்டினால் முதல் சந்தேகம் முள்தான். சீமைக்கருவேலம், நெருஞ்சி, கண்ணாடிச் சில்லு, விரலிடுக்கில் உண்ணி, பிளந்த நகம் என ஒவ்வொன்றாகப் பாருங்கள். சித்திரை வெயிலில் தார் ரோட்டில் நடந்து பாதம் வெந்திருக்கவும் கூடும். வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும். அதனால் நாய்க்குப் பழகிய ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ளட்டும். வெளியே தெரியும் முள்ளை நேராக இழுத்து எடுத்து, சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். உள்ளே ஒடிந்திருந்தால் தோண்ட வேண்டாம்.

காத்திருக்கலாமா?

காலை ஊன்றி நடக்கிறது, வழக்கம்போல் சாப்பிடுகிறது என்றால் 24 மணி நேரம் ஓய்வு கொடுத்துப் பார்க்கலாம். மாடிப்படி, ஓட்டம் வேண்டாம். வீக்கத்துக்கு, துணியில் சுற்றிய ஐஸ் 10 நிமிடம் போதும். தைலம் தடவினால் நக்கிவிடும். மறுநாளும் நொண்டினால் டாக்டர்தான்.

உடனே கிளம்ப வேண்டியது எப்போது?

* காலைத் தரையில் வைக்கவே இல்லை
* கால் கோணலாகத் தொங்குகிறது, ரத்தம் நிற்கவில்லை
* வண்டி மோதியது
* பின்னங்கால்கள் இரண்டையும் இழுக்கிறது
* காய்ச்சல், சாப்பிடவில்லை. இன்று ஒரு கால், நாளை வேறு கால் (உண்ணியால் பரவும் காய்ச்சலாக இருக்கலாம்)

வீட்டிலேயே கட்டை வைத்துக் கட்டாதீர்கள். பைக்கில் மடியில் வைத்துப் போவதைவிட, பலகையிலோ கனமான போர்வையிலோ கிடத்தி ஆட்டோவில் கொண்டுபோவது நல்லது.

தடுப்பூசி போடாத நாய் தள்ளாடி, எச்சில் வடிய, விழுங்க முடியாமல் இருந்தால் ரேபிஸாக இருக்கலாம். தொடாமல் டாக்டரை அழையுங்கள். கடித்தாலோ கீறினாலோ 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

எங்கே போவது?

பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனையில் முதலில் காட்டலாம். கால்நடை மருத்துவ உதவிக்கான கட்டணமில்லா எண் 1962. கந்தர்வகோட்டை, கறம்பக்குடி பக்கம் இருப்பவர்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியும் கிட்டத்தில்தான்.

கிளம்பும் முன், அது நடப்பதை மொபைலில் அரை நிமிடம் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். புது இடத்துப் பதற்றத்தில் பல நாய்கள் நொண்டாமல் நடந்துவிடும். முன்னங்காலில் வலி என்றால், அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும். டாக்டர் தேடுவது அதைத்தான்.