முடிவு தெரிந்த சண்டையை ஏன் பார்க்க வேண்டும்?

உடப்பில் கரைவலை இழுத்து முடிந்த ஒரு மத்தியான நேரம். வாடி நிழலில் இருந்து கைபேசியில் பழைய ஜப்பானிய மல்யுத்தம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீன் பிரித்துவிட்டு வந்த அண்ணன் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“இது முன்னமே பேசி வச்சுச் செய்யிறதுதானே தம்பி?”

உண்மைதான். தொழில்முறை மல்யுத்தத்தில் வெல்பவர் யார் என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகிறது. ஆனால் உடப்பில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? இங்கு திரௌபதை அம்மன் திருவிழா பதினெட்டு நாளும் பாரதக் கதையைச் சுற்றியே நடக்கிறது, இறுதியில் தீமிதிப்பு. துரியோதனன் தோற்பான் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதற்காக யாரும் வீட்டில் இருந்துவிடுவதில்லையே என்றேன். சிரித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஜப்பானில் இந்தக் கலை வேர்விட்டது போரில் தோற்ற மண்ணில். 1954 பெப்ரவரி 19 அன்று ரிகிடோசானும் கிமுராவும் ஷார்ப் சகோதரர்களை எதிர்கொண்டபோது, வீட்டில் தொலைக்காட்சி இல்லாத மக்கள் தெருவில் வைத்த பெட்டிகளின் முன் திரண்டார்கள். வெள்ளைக்காரனை நம்மவன் அடிக்கிறான் என்று ஆர்ப்பரித்தார்கள். அந்த ‘நம்மவன்’ கொரியாவில் பிறந்தவர். ஜப்பான் அடக்கி ஆண்ட நாட்டின் பிள்ளை. தன் பூர்வீகத்தை மறைத்தே அவர் தேசிய வீரராக வாழ்ந்தார். தோற்ற சனத்துக்கு ஒரு வீரன் தேவைப்படும்போது என்னவெல்லாம் நடக்கும் என்பதை நாங்களும் கண்டவர்கள்தானே.

நான் பார்த்துக்கொண்டிருந்தது 1994 ஜூன் 3 அன்று டோக்கியோ புடோகான் அரங்கில் நடந்த ஆட்டம். பச்சை உடையில் மிட்சுஹாரு மிசாவா, கறுப்பு மஞ்சளில் டொஷியாக்கி கவாடா. இருவரும் ஒரே பாடசாலையில் மல்யுத்தம் பழகியவர்கள். மிசாவா ஒரு வகுப்பு மூத்தவர். பல ஆண்டுகள் புலி முகமூடியோடு ஆடிய மிசாவா 1990 மே மாதம் அதைக் கழற்ற முடிவு செய்தபோது, மேடையில் முடிச்சை அவிழ்த்துவிட்டவர் கவாடா. மூன்று ஆண்டுகளில் அதே கவாடா எதிரணிக்குப் போனார். எவ்வளவு அடித்தாலும் அண்ணனை வெல்ல முடியாத தம்பி. இது தெரிந்தால் ஒவ்வொரு அடிக்கும் அர்த்தம் வேறு.

விதி எளிது. எதிராளியின் இரு தோள்களையும் தரையில் அழுத்தி, நடுவர் மூன்று எண்ணும்வரை பிடிக்க வேண்டும். இரண்டில் தோள் எழும்பினால் சண்டை தொடரும். ஏறத்தாழ 36 நிமிடம் ஓடும் இந்த ஆட்டத்தில் அவசரமே இல்லை. முதலில் பிடிகள், பிறகு மிசாவாவின் முழங்கை, கவாடாவின் உதை. நேற்று ஒருவரை வீழ்த்திய வித்தை இன்று போதாது. ஆகவே அதைவிடப் பெரியது தேவைப்படுகிறது. அண்ணனுக்கு இது உடனே பிடிபட்டது. “அவன்ட கையைப் பாக்காத, எழும்புற மாதிரியைப் பார்” என்று எனக்கே சொல்லித்தந்தார். கவாடா ஒவ்வொரு முறையும் எழும்பும் விதத்தில்தான் கதை இருக்கிறது.

கடைசியில் மிசாவா அரிதாகவே எடுக்கும் ஆயுதத்தை எடுக்கிறார். எதிராளியின் இரு கைகளையும் பின்புறமாகப் பூட்டி, தலைகீழாகத் தூக்கி, கழுத்தில் விழ விடுவது. கைகள் பூட்டப்பட்டிருப்பதால் விழுபவர் ஊன்றித் தன்னைக் காப்பாற்ற முடியாது. அவர் உயிர் தூக்குபவரின் பொறுப்பில். முடிவுதான் நாடகம், விழுகை நாடகமில்லை.

2009க்குப் பிறகு கனகாலம் என்னால் சினிமாச் சண்டையைக்கூடப் பார்க்க முடியவில்லை. யாராவது அடிபட்டால் எழும்பி வெளியே போய்விடுவேன். இந்த ஆட்டத்தை மட்டும் எப்படி முழுதாகப் பார்த்தேன் என்று யோசித்திருக்கிறேன். அடிப்பவன் அடிபடுபவனின் கழுத்தைக் கவனித்துக்கொண்டே அடிப்பதை அதற்கு முன் நான் எங்கும் கண்டதில்லை.

ஆனாலும் உடம்பு கணக்கு வைத்திருக்கும். 2009 ஜூன் 13 அன்று ஹிரோஷிமாவில் ஆட்டத்தின் நடுவே, பின்பக்கமாகத் தூக்கி வீசப்பட்ட மிசாவா எழும்பவில்லை. அன்றிரவே இறந்தார். வயது 46. அந்த மாதம் நான் முள்வேலிக்குள் தண்ணீர் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்; பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் செய்தி தெரியும். இந்தக் கலையை ரசிக்கும்போதெல்லாம் அந்தத் திகதி உறுத்துகிறது. ரசிகர்கள் இன்னும் இன்னும் என்று கேட்டதிலும் பிழை இருக்கிறது, என்னையும் சேர்த்து.

அண்ணன் அதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “தோத்தவன் என்ன ஆனான்?” என்றார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1998 மே 1 அன்று டோக்கியோ டோமில், பட்டத்துக்கான தனி ஆட்டத்தில் கவாடா முதல்தடவையாக மிசாவாவை வென்றார் என்றேன்.

“அதையும் போடு.”

சிக்னல் இல்லை. கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருவரும் வீதிப்பக்கம் நடந்தோம்.