மரத்துக்கு இழப்பீடு, குடும்பத்துக்கு?

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலின் காற்று, காரைக்குடி செக்காலையில் எங்கள் தெருவையும் உலுக்கியது. இங்கே சில மரங்கள் சாய்ந்தன. வடகிழக்கே பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பகுதிகளிலோ தோப்புத் தோப்பாகத் தென்னைகள் வீழ்ந்தன.

விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500 ரூபாய் என 1,100 ரூபாயை அரசு அறிவித்தது. புதிதாக நடும் நெட்டைத் தென்னை காய்க்க 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும். இழப்பீடு ஒருமுறை வருவது; இழந்ததோ ஆண்டுதோறும் வரவேண்டிய வருமானம்.

சில மாதங்களுக்குப் பின் பேராவூரணி அருகே என் பழைய மாணவர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றேன். தோப்பின் பட்டா மறைந்த தாத்தாவின் பெயரிலேயே இருந்ததால் இழப்பீடு நின்றுபோயிருந்தது. பயிர்க்கடன், தாயாரின் சுய உதவிக் குழுத் தவணை, தங்கையின் கல்லூரிக் கட்டணம் என ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுவலகம் இருந்தது. அனைத்தையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. அத்தோப்பில் மரமேறிப் பிழைத்தவருக்கோ, சொந்த மரமில்லாததால் மரக்கணக்கில் இடமே இல்லை.

அமெரிக்காவில் 2005-இல் கத்ரீனா புயல் இந்தக் குறையை அம்பலப்படுத்தியது. மறு ஆண்டே, குடும்பவாரியான வழிகாட்டல் சேவைக்குச் சட்டத்தில் இடமளித்தார்கள். பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் குடும்பத்தின் தேவைகளைக் கேட்டறிந்து, மீட்சித் திட்டம் ஒன்றை வகுத்து, உரிய துறைகளோடும் தொண்டு நிறுவனங்களோடும் இணைத்துவிட்டுத் தொடர்ந்து கண்காணிப்பார். அவர் பணம் வழங்குபவர் அல்லர், வழி அறிந்தவர்.

நம்மிடம் பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005 முதல் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலர்களும் மகளிர் குழுக்களும் இருக்கிறார்கள். எனினும் கிராம நிர்வாக அலுவலரின் பணிச்சுமையில் இதையும் ஏற்றுவது பயன் தராது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கென்றே உள்ளூர்ப் பட்டதாரிகளைப் பயிற்றுவித்து, இரண்டாண்டுகளுக்கேனும் ஊதியத்துடன் அமர்த்தலாம்.

இதிலும் உள்ளூர்ச் செல்வாக்கு புகுந்துவிடாதா என்று கேட்கலாம். நியாயமான ஐயமே. அதனால்தான் எந்த மனு எந்த நிலையில் உள்ளது என்று காட்டும் பதிவேட்டின் ஒரு படி அந்தக் குடும்பத்தின் கையிலேயே இருக்க வேண்டும் என்கிறேன்.

ஒரு பொருளியல் ஆசிரியனாகச் செலவையும் எண்ணிப் பார்க்கிறேன். அந்தப் பணியாளரின் ஊதியம் கணக்கில் தெரியும் செலவு. கந்துவட்டிக்கு வாங்கிய கடனும், பாதியில் நின்ற படிப்பும் எந்த அரசுக் கணக்கிலும் ஏறாதவை. ஆனால், அவற்றைச் செலுத்துவது அந்தக் குடும்பம்தான். அடுத்த புயலுக்கு முன்பே இந்த ஏற்பாட்டைத் தொடங்கிவிட வேண்டும்.