பலகைத் தரைக்குத் தண்ணீரே பகை

பாலக்காடு: தமிழகத்திலிருந்து இங்கே பிழைக்க வந்திருக்கும் நம்மவர்கள் பெரும்பாலும் சிமெண்டுத் தரையில் வளர்ந்தவர்கள். வாளித் தண்ணீரை ஊற்றித் துடைப்பத்தால் தள்ளினால்தான் வீடு கழுவிய திருப்தி. கல்பாத்திப் பக்கம் பழைய மச்சு வீட்டில் மாடியை வாடகைக்கு எடுத்தபோது நானும் அப்படித்தான் செய்தேன். மழைக்காலம் முடிவதற்குள் பலகைகள் உப்பி ஓரம் தூக்கிக் கொண்டன. இரும்பு வாளி வைத்த இடமெல்லாம் கறுப்பு வளையம். காலி செய்யும்போது வீட்டுக்காரர் அட்வான்சில் இரண்டு மாத வாடகையைப் பிடித்துக் கொண்டார். குமாஸ்தா குடும்பத்தில் அது எப்படிப்பட்ட இடி என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கறுப்பு வளையத்தின் காரணம் பிறகுதான் புரிந்தது. மரத்தில் துவர்ப்புச் சத்து இருக்கிறது. ஈரத்தில் இரும்பு அதனுடன் சேர்ந்தால் கறுத்துவிடும். அந்தக் காலத்தில் கடுக்காயோடு இரும்பு சேர்த்து மை காய்ச்சியதும் இப்படித்தான்.

இதற்கெல்லாம் வைத்தியம் தெரிந்தவர்கள் மூணாறு, பீர்மேடு எஸ்டேட் பங்களாக்களில் வேலை பார்த்த நம் ஆட்களே. பளபளக்கும் தரையைப் பார்ப்பவர்கள் துரையின் ரசனையைப் புகழ்வார்கள். தேய்த்த கால் யாருடையது என்று கேட்பவர் இல்லை. மூணாற்றில் சந்தித்த ஒரு முதியவர், "தம்பி, தரையைக் குளிப்பாட்டாதே. முகம் துடைக்கிற மாதிரி துடை" என்றார்.

அவர் சொன்ன முறை இது. காப்பிய தேயிலைச் சக்கையை நன்றாகப் பிழிந்து தூவி உடனே பெருக்கிவிட வேண்டும். தூசி பறக்காமல் சக்கையோடு வந்துவிடும். ஊற விட்டால் கறை பிடிக்கும். பிறகு இறுகப் பிழிந்த துணியால் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைக்க வேண்டும்.

மெருகுக்குத் தேன்மெழுகு. நூறு கிராம் மெழுகைச் சீவி, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த டப்பாவில் உருக்க வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு, டப்பாவை வெளியே எடுத்துப் போய் முந்நூறு மில்லி டர்ப்பெண்டைன் கலக்க வேண்டும். அது தீப்பற்றும் சரக்கு. அடுப்பருகே கலக்கவே கூடாது. ஆறியதும் மெல்லிசாகப் பூசி, அரைமணி கழித்துத் தேய்க்கலாம். தேய்ப்பதற்கு பிரஷ் வாங்க வேண்டாம். உரிக்காத முற்றிய தேங்காயைக் குறுக்கே அறுத்து, பருப்பையும் சிரட்டையையும் நீக்கினால் மட்டை மிஞ்சும். அறுத்த முகம் தரையில் படும்படி வைத்து, மேலே ஒரு காலை ஊன்றி முன்னும் பின்னும் ஓட்ட வேண்டியதுதான். பிலிப்பைன்ஸ் நாட்டிலும் இதே கருவிதான்; அங்கே 'பூனோட்' என்பார்கள்.

சிலர் தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள். அது உலராது, பிசுபிசுத்துத் தூசியை இழுக்கும். ஆளிவிதை எண்ணெய் உலரும். ஆனால் அது தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போட வேண்டும். வார்னிஷ் பூசிய தரைக்கு இவை எதுவும் தேவையில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, மரம் குடிக்கிறதா, முத்தாக நிற்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். மாடிப்படிக்கு மட்டும் மெழுகு வேண்டாம், வழுக்கும்.

கோடையில் கணவாய்க் காற்றில் பலகை சுருங்கி இடைவெளி தெரியும். அதைப் பட்டி வைத்து அடைக்காதீர்கள். இடவப்பாதி மழையில் மரம் பருக்கும்போது இடமில்லாமல் பலகை எழும்பிவிடும். மெருகிட உகந்தது தை, மாசி. இப்போது குடியிருக்கும் வீட்டிலும் மாடி பலகைத் தரைதான். இரும்பு வாளி கீழே கிணற்றடியோடு நிற்கிறது.