ஒரு திராட்சை ஊர் தன் பெயரைக் காத்த கதை

பிரான்சு நாட்டின் தென்பகுதியில், ரோன் ஆற்றின் கிழக்குக் கரையில், ஷாத்தோநெஃப்-து-பாப் என்னும் சிற்றூர் உள்ளது. 'போப்பாண்டவரின் புதுக்கோட்டை' என்பது அப்பெயரின் பொருள். 14-ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவர்கள் உரோமாபுரியை விட்டு அருகிலுள்ள ஆவினியோன் நகரில் தங்கியிருந்தபோது, இங்கு ஒரு கோட்டை கட்டினார்கள். இன்று இவ்வூரிலும் அண்டை ஊர்களிலுமாகச் சுமார் 8,000 ஏக்கரில் திராட்சை பயிராகிறது. பல இரகங்களைக் கலந்து செய்யும் சிவப்பு ஒயினுக்கு இவ்வூர் உலகப் புகழ் பெற்றது. மது நல்லதா, கெட்டதா என்பது வேறு விஷயம். தங்கள் விளைபொருளின் பெயரை இவ்வூர் விவசாயிகள் ஒன்றுகூடிக் காத்த விதம் நம் விவசாயிகள் அறிய வேண்டியதாகும்.

மண்ணும் காற்றும்

இங்குள்ள பல தோட்டங்களில் மண்ணே கண்ணுக்குத் தெரியாது. பண்டைக் காலத்தில் ஆறு கொண்டுவந்து சேர்த்த உருண்டைக் கூழாங்கற்கள் நிலம் முழுவதும் பரவிக் கிடக்கும். இக்கற்கள் பகல் வெப்பத்தை வாங்கி வைத்து இரவில் கொடிக்குத் தருகின்றன. அடியிலுள்ள களிமண்ணின் ஈரம் காயாதபடி மூடாக்குப் போலவும் உதவுகின்றன.

வடக்கிலிருந்து 'மிஸ்திரால்' என்ற காற்று கடுமையாக வீசும். அது இளங்கிளைகளை முறிப்பதுண்டு. ஆயினும் இலையிலும் கொத்திலும் ஈரம் தங்காமல் உலர்த்துவதால் பூஞ்சண நோய்கள் குறைகின்றன. நம் ஊர்ப் பந்தல் முறை இங்கு இல்லை. பெரும்பாலும் கொடியைக் குட்டையாகக் கவாத்து செய்து, தனித்து நிற்கும் புதர்போல வளர்க்கிறார்கள்.

ஏன் பல இரகங்கள்?

இவ்வூர் ஒயினுக்கு 13 இரகங்கள் அனுமதிக்கப்பட்டிருந்தன. நிற வேறுபாடுகளையும் தனித்தனியே எண்ணி, 2009 முதல் 18 என்று கணக்கிடுகிறார்கள். எல்லாவற்றையும் பயிரிடுவோர் சிலரே. முக்கியமானவை மூன்று.

கிரெனாஷ்: பாதிப் பரப்புக்கு மேல் இதுவே. வறட்சியையும் காற்றையும் தாங்கும். பழத்தில் சர்க்கரை மிகும். ஆனால் பூக்கும் சமயத்தில் குளிரும் மழையும் வந்தால் பூ உதிர்ந்துவிடும். நிறமும் குறைவு.

சீரா: அடர்ந்த நிறம் தரும். இளந்தண்டு காற்றில் முறியுமாதலால் கம்பி கட்டி வளர்க்க வேண்டும்.

மூர்வெத்ர்: தாமதமாகப் பழுக்கும். இதன் துவர்ப்பு, ஒயின் பல ஆண்டுகள் கெடாமல் இருக்க உதவும்.

ஒன்றின் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது. மேலும், இவை ஒரே சமயத்தில் பூப்பதோ பழுப்பதோ இல்லை. ஆகவே ஒரு மழையில் மகசூல் முழுவதும் பாழாவதில்லை. அறுவடை வேலையும் ஒரே வாரத்தில் வந்து குவிவதில்லை. மானாவாரி நிலத்தில் சோளத்தோடு துவரையும் தட்டைப்பயறும் கலந்து விதைக்கும் நம் விவசாயிகளுக்கு இது புதிதன்று.

பெயருக்கு வந்த சோதனை

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வேறு இடங்களில் மலிவாகச் செய்த ஒயினை இவ்வூர்ப் பெயரிட்டு விற்று வந்தார்கள். உண்மையாகப் பாடுபட்டவர்களுக்கு உரிய விலை கிடைக்கவில்லை. 1923-இல் விவசாயிகள், உள்ளூர்த் தோட்டக்காரரும் சட்டம் படித்தவருமான பாரன் லெ ருவாவை நாடினார்கள். அவர் தலைமையில் ஒன்றுகூடிய விவசாயிகள், முதலில் தங்களுக்கே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். லாவண்டரும் தைமும் வளரக்கூடிய வறண்ட நிலமே எல்லைக்குள் சேரும்; குறித்த இரகங்களையே நட வேண்டும்; தரமற்ற பழத்தைப் பொறுக்கி நீக்க வேண்டும் என்பவை அவற்றுள் சில. பின்னர் நீதிமன்றம் சென்று, எல்லையையும் உறுதி செய்துகொண்டார்கள். 1936-இல் அரசின் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது.

இன்றும் அறுவடை கையால்தான். ஹெக்டேருக்கு 3,500 லிட்டர், அதாவது ஏக்கருக்குச் சுமார் 1,400 லிட்டர் என்பதே பொதுவான உச்ச வரம்பு. அதற்கு மேல் விளைந்ததை இவ்வூர்ப் பெயரில் விற்க முடியாது.

நம் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

தேனி மாவட்டத்தின் கம்பம் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. குறியீடு கிடைத்ததாலேயே விலை கூடிவிடாது. நிறம் வந்தவுடன், இனிப்பு ஏறுமுன் அறுத்து அனுப்பும் ஒவ்வொரு பெட்டியும் ஊர்ப் பெயரைக் கெடுக்கும். பத்துப் பேர் சேர்ந்து, சர்க்கரை அளவு காட்டும் கருவி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளலாம். அதில் பார்த்தே அறுவடை நாளைக் குறிக்கலாம். நோயுற்ற பழங்களையும் சிறு பழங்களையும் கத்தரித்து நீக்கி, தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கலாம். குறியீட்டைத் தாமும் பயன்படுத்த விரும்புவோர் அதிகாரம் பெற்ற பயனாளராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்கான முறையை அருகிலுள்ள தோட்டக்கலைத் துறை அலுவலரை அணுகிக் கேட்டறியலாம்.